வான்கோழி வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி, அண்ணாச்சி?

கடையத்தான்:
பென்சில்வேனியாவுல வேலை. இப்போ லீவுக்குக் கடையம் வந்திருக்கேன். ஏப்ரல் கடைசி, இல்லன்னா மே தொடக்கத்துல அங்க காட்டு வான்கோழி சீசன் திறக்குது, கூட வேலை பாக்கவரு கூப்பிடுதாரு. துப்பாக்கிக் குழல் அளவு 12 போரா, அதை விடச் சின்ன 20 போரா, எது வாங்கலாம்? பன்னி விரட்ட தாத்தா வச்சிருந்த 12 போர் ரெட்டைக்குழல் சின்ன வயசுல என் தோள்ல கொடுத்த இடி இன்னும் மறக்கல.

பொதிகைக்காத்து:
தம்பி, 20 போரே போதும். டங்ஸ்டன் தோட்டா போடுங்க. ஈயத்தோட அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11 கிராம், இதுக்கு 18. அதனால 9-ம் நம்பர் பொடிக்குண்டே 40 கஜத்துல வேலை முடிச்சிரும். விலைதான் கையக் கடிக்கும்.

போரை விட சோக்கு முக்கியம், அதாவது குண்டு சிதறாம நெருக்கி அனுப்ப குழல் முனையில இருக்க குறுகலான பகுதி. வான்கோழிக்குக் குறி தலையும் கழுத்தும்தான், குண்டு நெருங்கி விழணும். காகிதத்துல 10 இஞ்ச் வட்டம் போட்டு 40 கஜத்துல சுடுங்க, ஒரே தோட்டாவுல 100 குண்டாவது உள்ள விழணும். முதல் வருசம் நான் இதைச் செய்யாம போனேன். 30 கஜத்துல நின்ன சேவல் காயத்தோட புதருக்குள்ள போயிட்டு. சாயந்திரம் வரை தேடுனேன், கிடைக்கல. அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

மணிமுத்தாறு:
விசாவுல இருந்தா முதல்ல வேட்டை லைசென்ஸ் எடுங்க, அது இல்லாம துப்பாக்கி வாங்குறது சிக்கல். சிவப்பு, வெள்ளை, நீலத் துணி உடுத்தாதீங்க. சேவல் தலை அந்த நிறம்தான், இன்னொருத்தர் உங்களையே சுட்டுருவாரு.

கடையத்தான்:
20 போரே வாங்குதேன் அண்ணாச்சி. காகிதத்துல சுட்டுப் பாத்துட்டு எழுதுதேன்.