ஜார்ஜ் டவுனைத் தெருப்பெயர் வழியாகப் பார்க்க

சென்னைப் பாரிமுனையில் இறங்கியதும் கடைத்தெருவுக்குள் நுழைந்துவிடாதீர்கள். டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில் நிற்கும் கல்தூணை முதலில் பாருங்கள். 1746-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் மதிலை ஒட்டிய வீடுகளை இடித்தார்கள். 1749-இல் கோட்டையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், பீரங்கிக்கு மறைப்பு கூடாதென்று கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தில் மிச்சமிருந்ததையும் காலி செய்தார்கள். இந்த எல்லைக்குள் வீடு கூடாது என்று 1773-இல் நட்ட 6 தூண்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். ஹைகோர்ட் நிற்கும் இடம்தான் அந்தப் பழைய ஊர். அங்கே இடிபட்ட கோயில்தான் பூக்கடைப் பகுதியில் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் என்று அடுத்தடுத்து இரண்டாக எழுந்தது. ‘பட்டணம் கோயில்’ என்று கேளுங்கள், வழி சொல்வார்கள்.

---

தெருப்பெயரைப் படித்தாலே யார் வாழ்ந்தார்கள் என்று தெரியும். பவழக்காரத் தெரு: மத்தியதரைக்கடல் பவழத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்தை வாங்கிப்போன யூத வணிகர்கள் இருந்த தெரு. சவுக்கார்பேட்டை: வட்டிக்கடை சவுக்கார்கள், குஜராத்திகள், மார்வாடிகள். வால்டாக்ஸ் ரோடு: நகர மதில் கட்டிய செலவுக்குப் போட நினைத்த வரியின் பெயர். மதில் துண்டைப் பார்க்கப் பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்காவுக்குப் போக வேண்டும்.

---

தெருப்பெயர்களில் அரண்மனைக்காரன் தெருவை விட்டுவிடாதீர்கள்! அர்மீனியன் தெரு என்பதன் திரிபு அது. 1772-இல் கட்டிய அர்மீனியர் தேவாலயம் அங்கேதான். மணிக்கூண்டில் 6 மணிகள். தரையெங்கும் கல்லறைக் கற்கள், எழுத்தை மிதிக்காமல் நடங்கள். உலகின் முதல் அர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794-இல் வெளிவந்தது இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியனின் கல்லறையும் இங்கே இருக்கிறது. மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள்.

---

கட்டடம் பார்க்க ஞாயிறு காலை நல்லது, கோடவுன் தெரு ஜவுளி மொத்தக்கடைகள் மூடியிருக்கும். வாங்க வருபவர்கள் வார நாளில் 11 மணிக்குள் வந்துவிடுங்கள். பிறகு மீன்பாடி வண்டிகள் வழியை அடைத்துவிடும்.

மாலையில் செகண்ட் லைன் பீச் பக்கம் அத்தோ. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்தது. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளிக்கரைசல், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் போட்டுக் கையால் பிசைவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். மேலே நொறுக்கிப் போடும் மொறுமொறு பொரியலான பேஜோ புளி பட்ட சில நிமிடங்களில் நமத்துவிடும். பார்சல் என்றால் அதைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள்.