ஆயில் மாற்றக் கடைக்குப் போகலாமா, நாமே செய்துகொள்ளலாமா?

இர்விங்வாசி:

வணக்கம். டல்லாஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறேன். கார் 2022 ஹோண்டா சிஆர்-வி, 1.5 டர்போ. இதுவரை டீலரிடமே ஆயில் மாற்றிவந்தேன். போன சனிக்கிழமை அங்கே நேரம் கிடைக்காததால், காரை விட்டு இறங்காமலே ஆயில் மாற்றித் தரும் கடை ஒன்றில் நுழைந்தேன். கீழே பள்ளத்துக்குள் ஒருவர், மேலே ஒருவர், மாற்றி மாற்றிச் சத்தம் போட்டுக்கொண்டே மளமளவென்று வேலை நடந்தது. நடுவில் ஒரு பையன் டேப்லெட்டும் கையுமாக வந்து, ஏர் ஃபில்டர் போச்சு, ஏசிக் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் போச்சு, கியர் ஆயிலை ஃப்ளஷ் (மெஷின் வைத்து முழுசாக வெளியேற்றுவது) செய்யாவிட்டால் டிரான்ஸ்மிஷனே போய்விடும் என்றான். எல்லாம் சேர்த்து 400 டாலருக்கு மேல். ஆயில் மட்டும் போதும் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. அதற்கே வரியோடு 100 டாலரைத் தொட்டது பில். 3,000 மைலில் திரும்ப வரச் சொல்லிக் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் வேறு.

இந்தக் கடைகளை நம்பலாமா? யூடியூப் பார்த்து நானே செய்யலாம் என்று தோன்றுகிறது. செய்தால் வாரண்டி போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

ஹூஸ்டன் சுகுமார்:

ப்ரோ, நான் வருஷக்கணக்காக இந்த மாதிரி கடையில்தான் மாற்றுகிறேன். ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. டேப்லெட் பையன் என்ன சொன்னாலும் "நோ தேங்க்ஸ்" போதும். ஹூஸ்டன் வெயிலில் தரையில் படுத்து 50 டாலர் மிச்சம் பிடிக்க என்னால் ஆகாது.

கொலம்பஸ் மல்லிகா:

தம்பி, அந்தக் கடைப் பையன்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பயம் அவர்களுடைய அவசரத்தைப் பார்த்துத்தான். பின்னால் நாலு வண்டி நிற்கும். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பையன் பள்ளத்தில் இருப்பான்.

உன் வண்டியில் இன்ஜின் ஆயிலுக்கு ஒரு வடிகால் போல்ட், கியர் ஆயிலுக்கு இன்னொன்று, இரண்டும் வண்டிக்கடியில்தான். இன்ஜின் போல்ட்டுக்கு அறுகோணத் தலை, 17 மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடிக்கும். சிவிடி எனப்படும் தானியங்கி கியர்பாக்ஸ் போல்ட்டில் ராட்செட்டை நேராகச் செருகுகிற சதுரக் குழி இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஹோண்டாவில் கடைக்காரர்கள் இரண்டாவதைத் திறந்து கியர் ஆயிலை வடித்துவிட்டு, இன்ஜினில் புது ஆயிலைப் பழையதன் மேலேயே ஊற்றி அனுப்பிவிட்டார்கள். இன்ஜினில் இரட்டிப்பு, கியர்பாக்ஸ் காலி. ஹைவே ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் அலறுகிறது, வண்டி நகரவில்லை. என்னைக் கூப்பிட்டார். போய் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, இழுத்தேன். மேல்கோட்டையும் தாண்டி வெகுதூரத்துக்கு ஆயில். கடை பொறுப்பேற்றுக்கொண்டது, ஆனாலும் அந்த மனிதர் ரொம்ப நாள் வாடகைக் காரில்தான் ஆபீஸ் போனார்.

அடுத்து டேப்லெட் சங்கதி. எதை எப்போது மாற்ற வேண்டும் என்று உன் காரே சொல்லும். ஆயில் ஆயுள் 15 சதவீதத்துக்கு இறங்கியதும் ஸ்பேனர் படமும் ஓர் எழுத்தும் வரும். ஏ என்றால் ஆயில் மட்டும், பி என்றால் ஆயிலோடு ஆயில் ஃபில்டரும் பிரேக் முதலான சோதனைகளும். பக்கத்தில் எண் வந்தால்: 1 டயர் இடம் மாற்றுவது, 2 ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர், 3 கியர் ஆயில். 3 வராமல் கியர் ஆயிலைத் தொட வேண்டாம். வந்தாலும் ஹோண்டாவின் எச்சிஎஃப்-2 ஆயிலை வடித்து நிரப்பினால் போதும், ஃப்ளஷ் எல்லாம் கிடையாது. ஆயுள் சதவீதம் இறங்காவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை இன்ஜின் ஆயிலை மாற்றிவிடு. 3,000 மைல் என்பது பழைய காலத்து ஆயிலுக்குச் சொன்ன கணக்கு. அந்த ஸ்டிக்கரைக் கிழித்துப் போடு.

நானே செய்கிறேன், எங்கள் கராஜில். டார்ச் பிடிப்பது மட்டும் வீட்டுக்காரர் வேலை. அதையும் போனைப் பார்த்தபடி தப்பான இடத்தில் காட்டுவார். வண்டியை ஐந்து நிமிஷம் ஓடவிட்டால் ஆயில் இளகி நன்றாக வடியும். கொதிக்கக் கொதிக்க வடிக்காதே, கை வெந்துவிடும். போல்ட்டோடு வரும் அலுமினிய வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும், சில்லறைக் காசுதான். திரும்ப முறுக்கும்போது டார்க் ரெஞ்சில் (முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) 40 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டு பலம்கூட வேண்டாம். ஆயில் பேன் அலுமினியம், மரை போய்விட்டால் செலவு நூற்றுக்கணக்கில்.

ஆயில் ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்துவிட்டதா என்று கட்டாயம் பார். சிலசமயம் அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் புது ஃபில்டரைப் பூட்டினால் இரண்டு வளையமாகி, ரோட்டில் போகும்போது ஆயில் பீய்ச்சிக் கொட்டும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று, கையாலேயே. காருக்கடியில் போவதற்கு சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் ராம்ப் அல்லது வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்ட் வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பித் தலையைக் கொடுக்காதே.

செலவென்று பார்த்தால், 5 குவார்ட் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்) 0டபிள்யூ-20 ரக சிந்தெடிக் ஆயில் கேன் 25, 30 டாலர், ஃபில்டர் 10 டாலருக்குள். உன் இன்ஜினுக்கு 4 குவார்ட்கூடத் தேவைப்படாது, மீதி அடுத்த முறைக்கு.

வாரண்டி போகாது. 1975-லேயே மேக்னசன்-மாஸ் என்ற அமெரிக்க வாரண்டிச் சட்டம் வந்துவிட்டது. நீ செய்த வேலையால்தான் பழுது என்று காட்டாமல் கம்பெனி தட்டிக்கழிக்க முடியாது. ஆயில், ஃபில்டர் பில்களைத் தேதியும் மைலும் எழுதி ஒரு கவரில் போட்டு வை. கவர் இல்லாமல் டீலரிடம் வாய்ச்சண்டை போட்டால் எடுபடாது.

இர்விங்வாசி:

அக்கா, ரொம்ப நன்றி. ஒரு சிக்கல்: இருப்பது அபார்ட்மெண்ட். பார்க்கிங்கில் வண்டி வேலை செய்யக் கூடாது என்று வீட்டு வாடகை லீஸிலேயே போட்டிருக்கிறான்.

ப்ளேனோ கணேசன்:

சார், அப்படியானால் கராஜ் இருக்கும் நண்பர் வீடு, இல்லையென்றால் தனி மெக்கானிக். நான் ஆயிலையும் ஃபில்டரையும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவேன், கூலி மட்டும் தருவேன். எல்லா மெக்கானிக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், முதலில் போனில் கேட்டுவிடுங்கள். நண்பர் வீட்டில் செய்தால் பழைய ஆயிலை ஒரு காலிக் கேனில் ஊற்றி ஆட்டோசோன், ஓ'ரெய்லி மாதிரி கடைகளில் கொடுங்கள், பெரும்பாலும் காசு கேட்காமல் வாங்கிக்கொள்வார்கள். சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். ஒரு கேலன் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்று இங்கே சுற்றுச்சூழல் துறையே சொல்கிறது.

கொலம்பஸ் மல்லிகா:

கணேசன் சொல்வது சரி. வேறு வழியில்லாமல் மறுபடி அந்த மாதிரி கடைக்கே போனால், பணம் கொடுக்கும் முன் இறங்கி டிப்ஸ்டிக்கை நீயே இழுத்துப் பார். இரண்டு குறிக்கு நடுவில் இருக்கணும். ராத்திரி வண்டிக்கடியில் ஓர் அட்டையைப் போட்டு வை, காலையில் சொட்டு தெரிந்தால் வண்டியை எடுக்காமல் கடைக்குப் போன் செய்.

கேபின் ஃபில்டருக்கு மெக்கானிக்கும் வேண்டாம், லீஸும் தடுக்காது. க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது, 15 டாலர் சாமான். பழையதை உருவும்போதே அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்.