"டு" வந்தால் "மீட்"டா, "மீட்டிங்"கா?

வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதும் வேலை எனக்கு. "லுக் ஃபார்வர்ட் டு" என்றால் அடுத்து "மீட்டிங் யூ"தான். அந்த "டு" முன்னிடைச்சொல் (பெயருக்கு முன்னால் வரும் "பிரிபொசிஷன்"), அதனால் பெயர்போல் நிற்கும் "இங்" வடிவம் வேண்டும். "வான்ட் டு மீட்" வேறு. சரி, இதுவரை புரிந்துவிட்டது.

வினையடை நுழைந்தால்தான் தடுமாறுகிறேன். "பை செக்கிங் தி லெதர்" என்பதில் "கேர்ஃபுலி"யை எங்கே வைப்பது? "செக்கிங்"குக்கும் "தி லெதரு"க்கும் நடுவில் வைக்கக் கூடாதாம். தமிழில் "தோலைக் கவனமாகப் பார்த்து" என்று நடுவில்தானே வருகிறது, கை தானாக அங்கேயே போய்விடுகிறது! "செக்கிங்"குக்கு முன்னாலும் வரலாம், கடைசியிலும் வரலாம் என்கிறார்கள். கடிதத்தில் எது இயல்பு? ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இப்படி எழுதிப் பழகியவர்கள் நாலைந்து வாக்கியம் எழுதிக் காட்டுங்களேன். திங்கட்கிழமை ஒரு முக்கியமான கடிதம் போகவேண்டும்.