மஹிந்திரா தார்ல 285 டயர் போட்டா இன்சூரன்ஸ் க்ளெய்ம் நிக்குமா?

செம்மண்_தார் (நாமக்கல்)

வணக்கம் மக்களே. நம்மகிட்ட 2022 தார் எல்எக்ஸ் டீசல் ஃபோர் பை ஃபோர் இருக்கு, கம்பெனில இருந்து வந்த டயர் 255/65 ஆர்18 (255 மிமீ அகலம், உயரம் அதுல 65 சதவீதம், 18 இன்ச் வீல்). 41000 கிமீ ஓடிருச்சு, டயர் மொட்டையாகுற நிலைமை. டயர் கடைக்காரர் 285/65 போடுங்க சார், அலாய் கூட மாத்த வேணாம், வண்டி சும்மா எரும மாடு மாதிரி நிக்கும்ங்குறார். எனக்கும் ஆசைதான். ஆனா வீட்ல மச்சான் ஒருத்தர் இருக்கார், அவர் வந்து போலீஸ் புடிச்சா ஃபைனு, அடிபட்டா இன்சூரன்ஸ் ஒத்தப் பைசா தராதுன்னு பயமுறுத்திட்டுப் போயிட்டார். கடைக்காரர கேட்டா "இதுவரைக்கும் எவனும் கேட்டதில்ல"ங்குறார். அடுத்த மாசம் பாலிசி ரினியூவல் வேற வருது. யார் சொல்றது உண்மை? மாசம் ஒரு தடவ கொல்லிமலை ஏறுவோம், மத்தபடி ஊருக்குள்ளதான் ஓட்டுறது.

கரடுமுரடு

ரெண்டு வருஷமா 285லதான் ஓடிட்டு இருக்கேன் பாஸ், ஒரு நாய் கேட்டதில்ல. ஆர்சி கார்ட எடுத்துப் பாருங்க, அதுல டயர் சைஸே போட்டிருக்காது. போடாததை எப்படி மாத்துனேன்னு கேஸ் போடுவான்? மச்சானுங்க எல்லாருமே இப்படித்தான், விடுங்க. தாராளமா போடுங்க.

பழைய_ஜீப்பு

கரடுமுரடு தம்பி சொல்றதுல பாதி சரி, பாதி ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, கம்பெனி முதல்ல கொடுத்த விவரத்துக்கு மாறா ஆர்சி விவரம் ஆகுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாது. அதே பிரிவுல ஆல்டரேஷன்னா என்னன்னு ஒரு விளக்கமும் இருக்கு, வண்டியோட அமைப்ப மாத்தி அதனால அடிப்படைத் தன்மையே மாறுனாத்தான் அது ஆல்டரேஷன். டயர் அதுல வருமா வராதாங்குறதுதான் சண்டையே. வராதுன்னு வாதாட வழி இருக்கு, ஆனா அதை நீங்க ரோட்டோரமா வெயில்ல நின்னுகிட்டு அதிகாரிகிட்ட வாதாட முடியாது, கோர்ட்லதான் வாதாடணும். 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு, கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல, கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா வண்டிய மாத்துறதுக்கு அனுமதி இல்லன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. அதுக்கப்புறம் அதிகாரிங்க கை ஓங்கிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவு நாலாவது உட்பிரிவு சேர்ந்துச்சு, அனுமதியில்லாம மாத்துன ஓனருக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபா, இல்ல ரெண்டும். "ஒரு மாற்றத்துக்கு"ங்குறத கவனிங்க, டயர், லிஃப்ட் கிட் (வண்டிய உசத்துற செட்டு), பெரிய பம்பர்னு ஒவ்வொண்ணா எண்ணுவாங்க.

நம்ம ஊர்ல டயருக்காக மட்டும் நிறுத்துறது அபூர்வம்தான், ஒத்துக்குறேன். பார்டர் தாண்டி பாலக்காடு, வயநாடு பக்கம் போனீங்கன்னா கதை வேற, அங்க எம்விடி, அதாவது கேரள மோட்டார் வாகனத் துறை காரங்க இந்த விஷயத்துல கறார். 2021ல கண்ணூர்ல ரெண்டு யூட்யூபரோட வேன், மாத்தி வச்சதுக்காக சீஸ் ஆனது ஞாபகம் இருக்கும்.

ஆனா என்னைக் கேட்டா, 5000 ரூபா ஃபைன் ஒரு பிரச்சினையே இல்ல. மச்சான் சொன்ன ரெண்டாவது விஷயத்துக்குத்தான் பயப்படணும்.

தொப்பூர்_ஜிம்னி

மச்சானுக்கு என் ஓட்டு. அனுபவிச்சவன் சொல்றேன்.

என் மாருதி ஜிம்னிக்கு கம்பெனி சைஸ் 195/80 ஆர்15. நான் 235/75 போட்டு 40 மிமீ லிஃப்ட்டும் போட்டேன், பாக்க அப்படி இருந்துச்சு. போன வருஷம் தொப்பூர் இறக்கத்துல மழை, முன்னாடி லாரி திடீர்னு பிரேக் போட்டுட்டான், நானும் போட்டேன், வண்டி நிக்காம வழுக்கி மீடியன்ல போய் சாத்திருச்சு. ஆளுக்கு ஒண்ணுமில்ல. பில்லு 3,80,000. க்ளெய்ம் போட்டேன், சர்வேயர் ஒர்க்ஷாப்புக்கு வந்தார், நல்ல மனுஷன், டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். போன் டார்ச்ச அடிச்சுகிட்டு குந்த வச்சு உக்காந்து டயர் சைடுல எழுதியிருக்குறத போட்டோ எடுத்தார், அப்புறம் வீல் ஆர்ச்சுக்குள்ள தலைய விட்டுப் பாத்தார், உள்ள இருக்குற கருப்பு பிளாஸ்டிக்ல டயர் உரசி உரசி ஒரு பட்டை மட்டும் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. "ஸ்டீயரிங்க ஃபுல்லா ஒடிச்சா இடிக்குதா சார்?"னு சாதாரணமாத்தான் கேட்டார். நான் வெகுளியா "ஆமா சார், லேசா"ன்னு சொல்லித் தொலைச்சேன். அந்த வரி அப்படியே ரிப்போர்ட்டுல ஏறிருச்சு.

மூணு வாரம் கழிச்சு லெட்டர், வண்டில செஞ்ச மாற்றத்த தெரிவிக்கல, க்ளெய்ம் நிராகரிப்பு. நான் விடல, கம்பெனியோட குறைதீர்ப்பு மெயிலுக்கு எழுதினேன், மழையும் லாரியும்தான் காரணம், டயர் காரணம்னு உங்க சர்வேயரே எழுதலையேன்னு கேட்டேன். அமலேந்து சாஹூ கேஸ்னு 2010ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு இருக்கு, பாலிசி நிபந்தனைய மீறினாலும் மொத்தமா கைவிரிக்காம நான் ஸ்டாண்டர்ட்ல, அதாவது கொஞ்சம் குறைச்சு, 75 சதவீதம் வரைக்கும் கொடுக்கச் சொன்ன தீர்ப்பு, அது வாடகைக்கு விட்ட வண்டி கேஸ்தான், இருந்தாலும் அதையும் சேத்து எழுதினேன். நாலு மாசம் இழுத்து 75 சதவீதம் செட்டில் பண்ணாங்க, 2,85,000. மிச்சம் 95,000 என் பாக்கெட். டயருக்கும் லிஃப்டுக்கும் போட்ட காசு தனி.

இதுல ஒரு விஷயம், மறுத்துட்டா அதோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. கம்பெனிக்கு எழுதி 30 நாள்ல பதில் வரலன்னாலோ திருப்தி இல்லன்னாலோ ஒரு வருஷத்துக்குள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் (புகார விசாரிக்கிற அதிகாரி) கிட்ட போகலாம், வக்கீல் வேணாம், ஃபீஸும் இல்ல. சென்னைல ஆபீஸ் இருக்கு.

கரடுமுரடு

அண்ணா, நீங்க லிஃப்ட்டும் போட்டிருந்தீங்க. டயர் மட்டும்னா விட்டிருப்பான்.

தொப்பூர்_ஜிம்னி

இருக்கலாம் தம்பி. ரிப்போர்ட்டுல மொத வரி டயர்தான்.

மெல்பர்ன்_ப்ராடோ

இங்க ஆஸ்திரேலியாவுல எப்படின்னு சொல்றேன், ஒரு ஒப்பீட்டுக்கு. இங்கயும் ஃபோர் வீல் டிரைவ்ல பெரிய டயர் பைத்தியம் ஜாஸ்தி, ஆனா கணக்கு எழுத்துல இருக்கு. பெரும்பாலான மாநிலங்கள்ல கம்பெனி கொடுத்த பெரிய சைஸ விட விட்டம் 50 மிமீ வரைக்கும் கூட போலாம், அதுக்கு மேலன்னா இன்ஜினியர் சான்றிதழ் வேணும். டயர் மட்கார்ட விட்டு வெளிய துருத்தக்கூடாது, லோட் ரேட்டிங் (டயர் தாங்குற எடை) கதவுப்பக்கம் ஒட்டியிருக்குற பிளேட்ல உள்ளத விடக் குறையக்கூடாது. உங்க 255/65 ஆர்18 விட்டம் 789 மிமீ சொச்சம், 285/65 ன்னா 828, வித்தியாசம் 39 தான். அதாவது இங்கன்னா அந்த டயரு விட்டக் கணக்குல பாஸ்! அங்கதான் கோடு எங்கன்னே தெரியாம நிக்குறீங்க.

இன்சூரன்ஸுக்கும் இங்க 1984 இன்சூரன்ஸ் ஒப்பந்தச் சட்டத்துல 54வது பிரிவு இருக்கு, நீங்க செஞ்ச தப்புக்கும் ஆக்சிடென்டுக்கும் சம்பந்தமே இருக்க முடியாதுன்னா க்ளெய்ம மறுக்க முடியாது. நிறுத்தி வச்சிருந்த வண்டி மேல ஒருத்தன் வந்து இடிச்சான்னா டயர் சைஸ காட்டித் தப்பிக்க முடியாது. ஆனா வளைவுல உருண்டுச்சுன்னா சிக்கல்தான். அதனால எல்லாரும் மொதல்லயே போன் போட்டு மாடிஃபிகேஷன் லிஸ்ட்ட சொல்லிருவாங்க, ப்ரீமியம் கொஞ்சம் ஏறும், அவ்ளோதான்.

பழைய_ஜீப்பு

மெல்பர்ன் நண்பர் போட்ட கணக்குல இன்னும் ரெண்டு விஷயம். விட்டம் 39 மிமீ கூடுனா தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி கூடுறது அதுல பாதி, 2 செமீ கூட கிடையாது. அதுக்குத்தான் இவ்ளோ பாடு. அப்புறம் சுத்தளவு கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடுது, மீட்டர் 100 காட்டுனா பழைய டயர்ல போனத விட 5 கிமீ கூட போயிட்டு இருப்பீங்க, ஸ்பீடு கேமராவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. மட் டயர்ல பலது க்யூ ரேட்டிங், அதாவது 160 கிமீ வேகம்தான் உச்சம், கம்பெனி டயர்ல என்ன எழுத்து இருக்குன்னு பாத்து ஒப்பிடுங்க. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னும் பாருங்க, 2020 ஜூன்ல டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததுல இருந்து எங்கெங்கயோ சுத்தி வந்த டயரெல்லாம் கடைல இருக்கு, முத்திரை இல்லாத டயரோட க்ளெய்முக்குப் போறது வெறுங்கையோட போறதுதான்.

தேர்ட் பார்ட்டி பத்தி யாரும் பேசல. நம்ம வண்டி ஒருத்தர் மேல மோதிருச்சுன்னா இன்சூரன்ஸ் கம்பெனி தப்பிக்கிறதுக்கான காரணங்கள் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 150ல எண்ணி வச்சிருக்கு, அதுல பெரிய டயர்னு ஒண்ணு கிடையாது. ஆனா முக்கியமான விஷயத்த மறைச்சு பாலிசி வாங்குனார்ங்குறது இருக்கு. அதைப் புடிச்சுகிட்டா பாதிக்கப்பட்டவருக்கு முதல்ல கம்பெனி கொடுக்கட்டும், அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு ட்ரிப்யூனல் (விபத்து நஷ்டஈடு கோர்ட்டு) சொல்ல வாய்ப்பு உண்டு, லைசென்ஸ் இல்லாத கேஸ்ல 2004 ஸ்வரண் சிங் தீர்ப்புக்கப்புறம் சகஜமா நடக்குறது அதுதான். ஜிம்னி அண்ணன் 95,000ல தப்பிச்சார். இதுல வந்தா வீட்டுப் பத்திரத்த தேட வேண்டியதுதான்.

ரினியூவலுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில்ல எழுதிக் கேளுங்க, ஏஜென்ட் வாயால "ஒண்ணும் ஆகாது சார்"ங்குறத நம்பாதீங்க. ஒத்துகிட்டா எண்டார்ஸ்மென்ட்டா பாலிசில ஏத்தித் தரச் சொல்லுங்க.

செம்மண்_தார் (நாமக்கல்)

எல்லாருக்கும் நன்றி. மெயில் போட்டேன், ஒம்பது நாள் கழிச்சு பதில் வந்துச்சு: ஆர்டிஓ அனுமதி இருந்தா அதோட நகல் அனுப்புங்க, இல்லன்னா கம்பெனி சைஸ்லயே இருக்கணும். கடைக்காரர்கிட்ட காட்டினேன், படிச்சுட்டு "இதெல்லாம் எதுக்கு சார் எழுதிக் கேக்குறீங்க"ன்னு கோவிச்சுகிட்டார். 255/65லயே நல்ல ஆல் டெரைன் (ரோடு, மண் ரெண்டுக்கும் ஆகுற டயர்) நாலு எடுத்துட்டேன். மச்சான் இப்ப வீட்ல ரொம்ப அலப்பறை.

ஞாயித்துக்கிழமை கொல்லிமலை போறோம், எழுபது வளைவு. வர்றவங்க காரவள்ளி அடிவாரத்துக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துருங்க.

கரடுமுரடு

நான் வரேன். ஒவ்வொரு வளைவுலயும் கரகரன்னு சத்தம் கேட்டா அது நம்ம வண்டிதான்.