மறு: 'பாட்டில் கண்டிஷன்ட்' ஏல், தமிழில் எப்படி?

> பதப்படுத்திய ஏல் என்று போட்டால் என்ன சிக்கல்?

சிக்கல் இருக்கிறது ஐயா, பொருளே தலைகீழாகிவிடும். பதப்படுத்தியது என்றால் மீன், தோல், டின்னில் அடைத்த பழம் என்றுதான் நம் ஆட்களுக்குத் தோன்றும், அதாவது கெடாமலிருக்க ஏதோ செய்து அடக்கிவைத்த பொருள். ஏல் ஒரு வகை பியர்; 'பாட்டில் கண்டிஷன்ட்' என்றால் ஈஸ்ட்டை உயிரோடு பாட்டிலுக்குள் அனுப்பி அங்கேயே மறுபடி நொதிக்கவிடுவதுதான் சங்கதியே. வடிகட்டி, 60 பாகைக்குச் சூடேற்றி, வெளியிலிருந்து வாயு ஏற்றி மூடுகிற பெரிய கம்பெனி பியருக்கு வேண்டுமானால் அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம்.

நான் மொழிபெயர்ப்பது இங்கிலாந்தின் சிறு பியர் ஆலைகளைப் பற்றிய கட்டுரை. அவர்கள் ஏலை உயிருள்ள ஈஸ்ட்டோடு பீப்பாயில் அடைத்துப் பக்கத்துப் பப்புகளுக்கு அனுப்புகிறவர்கள். ஒரு பீப்பாய் 9 காலன், சுமார் 41 லிட்டர். திறந்தால் மூன்று நாளில் தீர்த்தாக வேண்டும், இல்லையென்றால் காற்றுப்பட்டுச் சுவை போய்விடும். கடை அலமாரியில் மாதக்கணக்கில் நிற்க வேண்டுமா, பாட்டில்தான் வழி. ஆனால் வடிகட்டவும் வாயு ஏற்றவும் இயந்திரம் வாங்க எல்லாரிடமும் பணம் ஏது? அதனால் நொதித்து முடிந்த ஏலில் லிட்டருக்கு 6 கிராம் போலச் சர்க்கரை கலந்து, அடைத்து, மூடி போட்டு, இரண்டு வாரம் அறைச்சூட்டில் வைத்துவிடுகிறார்கள். மிச்சமிருக்கிற ஈஸ்ட் அதைத் தின்று கரியமில வாயுவை உண்டாக்கும், வெளியேற வழியில்லாததால் அது ஏலிலேயே கரையும், போதாக்குறைக்கு பாட்டில் கழுத்தில் தங்கிய ஆக்சிஜனையும் அதே ஈஸ்ட் ஓரளவு தீர்த்துவிடும். சர்க்கரை கூடிப்போனால் பாட்டில் வெடிக்கும். அடியில் வண்டல் படியும், ஊற்றும்போது கடைசி விரற்கடையை விட்டுவிட வேண்டும்.

மரபு ஏலைக் காக்க வந்த 'கேம்ரா' என்ற நுகர்வோர் இயக்கம் தொடங்கிய 1971-ல் பிரிட்டனில் இந்த வகை பாட்டில்கள் ஒரு கைவிரலில் எண்ணும் அளவே மிஞ்சியிருந்தன, பர்ட்டன் ஊரின் ஒர்த்திங்டன் ஒயிட் ஷீல்டு என்ற ஏல் அதிலொன்று.

வேறு சொற்களைப் பார்த்தால், 'முதிர்த்தல்' ஒயினுக்கும் விஸ்கிக்கும் போய்விட்டது. 'இரண்டாம் நொதித்தல்' சரிதான், ஆனால் லேபிளில் யார் எழுதுவார்?

என் பரிந்துரை 'விளைதல்'. திருமுருகாற்றுப்படையில் "நீடமை விளைந்த தேக்கள் தேறல்" வருகிறதே, மூங்கில் குழாய்க்குள் விளையவிட்ட தேன்கள். அடைத்த கலத்துக்குள் தானாக நடப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆக குப்பிவிளை ஏல், பீப்பாய்விளை ஏல். செய்கிறவர் விளையவிடுகிறார். ('விளைவு' என்று சுருக்காதீர்கள், அது வேறெங்கோ போய்விடும்.)

---

> குப்பிவிளை ஏல்

விளை நல்லாயிருக்கு அண்ணா, குப்பி மட்டும் வேண்டாம். எங்கள் இலங்கைப் பக்கம் குப்பி என்றால் ஒன்று விளக்கு, மற்றது சயனைட், உங்களுக்கே தெரியும். போத்தல் என்று போடுங்கள். யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள், அது சூடாக்கி நொதித்தலை நிறுத்தி அடைப்பது. உங்கள் 'பதப்படுத்திய' அதற்குத்தான் பொருந்தும்.

---

சரி, போத்தல்விளை ஏல். தமிழ்நாட்டு வாசகருக்காக முதல் இடத்தில் மட்டும் பாட்டில் என்று ஒட்டிவிடுகிறேன். ஞாயிறு வரை வேறு யாரும் மறுக்காவிட்டால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம். 'ஏல்' என்பதற்கே தமிழ் கேட்டு யாரும் தயவுசெய்து இந்த இழையில் வராதீர்கள்.