சோழவந்தான் இரண்டு கணுக்களாக வருகிறது: நெட்வொர்க்எக்ஸில் விளிம்பு சேர்ப்பது குறித்த ஐயம்

வினா

வணக்கம். ரயில் தடங்களைப் பைத்தானின் நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தில் ஒரு கிராஃபாக அமைத்து வருகிறேன். நிலையங்கள் கணுக்கள், அடுத்தடுத்த இரு நிலையங்களுக்கு இடையிலான தடம் விளிம்பு. தமிழில் தட்டச்சு செய்யப்பட்ட இரண்டு சி.எஸ்.வி. கோப்புகளை வரி வரியாகப் படித்து, விளிம்பைச் சேர்க்கும் ஆட்_எட்ஜ் மட்டும் அழைக்கிறேன். கணுக்களைத் தனியே சேர்ப்பதில்லை. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஆயினும் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குக் குறுகிய பாதையைக் கேட்டால், பாதையே இல்லை என்கிறது. கணுப் பட்டியலில் சோழவந்தான் இருமுறை இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஸ்ட்ரிப் மூலம் ஓரத்து இடைவெளிகளை முன்பே நீக்கிவிட்டேன். காரணம் என்னவாக இருக்கும்?

மறுமொழி 1

ஆட்_எட்ஜுக்குத் தரப்படும் பெயர் கிராஃபில் இல்லையென்றால், அது கேள்வி கேட்காமல் புதுக் கணுவை உருவாக்கிக்கொள்ளும். உள்ளே இருப்பது டிக்‌ஷனரி. அதில் கணுவின் பெயரே சாவி. சாவியில் ஒரு குறியீடு மாறினாலும் அது வேறு கணுதான். இரு பெயர்களிலும் எத்தனை குறியீடுகள் என்று லென் போட்டுப் பாருங்கள். ‘சோ’வின் ஓகாரக் குறியை ஒரே யூனிகோடு குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் துணைக்காலுமாகப் பிரித்தும் எழுதலாம், திரையில் வேறுபாடு தெரியாது. யூனிகோடுடேட்டா தொகுதியின் நார்மலைஸில் என்.எஃப்.சி. வடிவை (பிரிந்த குறிகளை ஒன்றுசேர்த்த சீர்வடிவை) கேட்டுப் பெற்று, அதன் பிறகே விளிம்பைச் சேருங்கள்.

வினவியவர்

ஒன்று 10, மற்றொன்று 11. நார்மலைஸ் செய்ததும் பாதை கிடைத்துவிட்டது. நன்றி.

மறுமொழி 2

அதோடு நிறுத்திவிட வேண்டாம். ஸ்ரீரங்கத்தின் முதலெழுத்தை ‘ஸ’ வைத்தும் எழுதுகிறார்கள், ‘ஶ’ வைத்தும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் என்.எஃப்.சி. அவற்றை ஒன்றாக்காது. ‘ஔ’வுக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தாலும் இதே கதைதான். ஆகவே கணுவின் சாவியாக ரயில்வேயின் நிலையக் குறியீட்டை (மதுரைக்கு எம்.டி.யு., திருச்சிக்கு டி.பி.ஜே.) வைத்து, தமிழ்ப் பெயரைக் கணுவின் பண்பாகச் சேர்ப்பதே என் பரிந்துரை. எல்லாக் கணுக்களையும் ஆட்_நோட்ஸ்_ஃப்ரம் மூலம் முதலிலேயே ஏற்றிவிட்டு, விளிம்பின் இரு முனைகளும் கிராஃபில் உள்ளனவா என்று சரிபார்த்து, இல்லையென்றால் நிரலை அங்கேயே நிறுத்துங்கள். அமைதியாக முளைக்கும் கணுவைவிடச் சத்தமாக விழும் பிழை எவ்வளவோ மேல்.

மறுமொழி 3

பின்னர் சந்திப்பு நிலையங்களை மட்டும் வைத்துக் கிராஃபைச் சுருக்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் இடையே விருத்தாசலம் வழியாகக் கார்டு லைனும், மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாக மெயின் லைனும் உள்ளன. சாதாரண கிராஃபில் இரண்டையும் ஒரே இணைக்குச் சேர்த்தால், இரண்டாவது அழைப்பின் தூரம் முதலாவதை மேலெழுதிவிடும். அதற்கு, ஒரே இணைக்கு இடையே பல விளிம்புகளை ஏற்கும் மல்டிகிராஃப் வேண்டும். விளிம்புக்குக் ‘கார்டு’, ‘மெயின்’ என்று சாவியும் கொடுக்கலாம். தூரத்தை எடையாகக் கொடுத்தால் குறுகிய பாதைக்கான கணக்கு குறைந்த எடையுள்ள விளிம்பையே எடுத்துக்கொள்ளும், ஆனால் விடையாகத் தருவது கணுக்களின் வரிசையை மட்டுமே. எந்தத் தடம் என்பதை நீங்கள்தான் தனியே தேடியெடுக்க வேண்டும்.