மூச்சுப் பயிற்சி டப்பாவைக் கவுத்து வெச்சு ஊதினா மூணு பந்தும் ஏறுது, நேரா வெச்சு இழுத்தா ஒண்ணரைதான். திரும்ப நாயனம் வாசிப்பேனா?

நாயனக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 46, கும்பகோணம் பக்கம். அப்பா காலத்திலேர்ந்து நாகஸ்வரம்தான் தொழில். நீளக் குழல், பாரின்னு சொல்லுவோம், சுருதி ரெண்டரைக் கட்டை.

ஐப்பசி முகூர்த்தத்துல காய்ச்சல். ரெண்டு கல்யாணம் ஒத்துக்கிட்டிருந்தேன், விட மனசில்ல. பக்கத்து கிளினிக்ல ஒரு ஊசி போட்டுக்கிட்டு ரெண்டையும் வாசிச்சு முடிச்சேன். அஞ்சாம் நாள் சட்டை பட்டன் போடவே மூச்சு வாங்குது, உதடு நாவப்பழம் தின்னாப்ல இருக்குன்னு வீட்ல அழுதாங்க. ஆஸ்பத்திரில இன்ஃப்ளூயன்சா ஏ, எச்1என்1னு சொன்னாங்க. ஐசியூல 13 நாள். தொண்டைல குழாய் போடல. மூக்குல புயல் மாதிரி ஆக்சிஜன் அடிக்கிற மெஷின்தான், பாதி நேரம் குப்புறப் படுக்க வெச்சாங்க. அப்புறம் வார்டுல 5 நாள்.

வீட்டுக்கு வந்து 10 வாரம் ஆச்சு. முதல் மூணு வாரம் வாடகைக்கு ஆக்சிஜன் மெஷின் வெச்சிருந்தேன், இப்ப இல்ல. சும்மா உக்காந்தா விரல் மெஷின்ல ஆக்சிஜன் அளவு 96. மாடிக்கு 16 படி ஏறினா 91, நெஞ்சு படபடன்னு அடிக்குது. எடை 9 கிலோ போச்சு.

ஆஸ்பத்திரில மூச்சுப் பயிற்சிக்கு மூணு பந்து வெச்ச பிளாஸ்டிக் டப்பா கொடுத்தாங்கல்ல, அதுல ஒரு வேடிக்கை. நேரா வெச்சு இழுத்தா முதல் பந்து ஏறுது, ரெண்டாவது பாதில நின்னு நடுங்குது. கவுத்துப் பிடிச்சு ஊதினா மூணும் மேல போய் ஒட்டிக்குது! அதனால ரெண்டு மாசமா கவுத்தே ஊதிக்கிட்டிருக்கேன். ஊதுறதுதானே நம்ம வேலை.

மாட்டுப் பொங்கல் அன்னிக்கு யாருக்கும் தெரியாம கொல்லைக்குப் போய் குழலை எடுத்தேன். கீழ் ஸட்ஜமம் பிடிச்சேன், நின்னுது. மேல பஞ்சமத்துக்குப் போறப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வந்துது, மாட்டுத் தொட்டிய பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். மச்சான்தான் பாத்தான். இன்னும் சிரிக்கிறான்.

வைகாசில மூணு முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சு. டாக்டர் "பொறுங்க, பாப்போம்"னுதான் சொல்றார். அவரைக் குத்தம் சொல்லல, ஆனா எதைப் பாக்கப் போறோம்னு எனக்குத் தெரியல. இந்த நுரையீரல் திரும்ப வளருமா, இவ்வளவுதானா?

-----

மூலிகைத்தோட்டம்:

பயப்படாதீங்க சார். ஆடாதோடை, தூதுவளை ஒரு மண்டலம். தினம் மூணு வேளை ஆவி, அதோட 20 பலூன் ஊதுங்க. நுரையீரல் புதுசாயிடும்.

-----

மூச்சுப்பயிற்சி:

அண்ணா, நான் கோயம்புத்தூர்ல இயன்முறை மருத்துவர். நெஞ்சக நோயாளிகள்தான் தினசரி வேலை.

முதல்ல அந்த டப்பாவை நேரா வைங்க. அது இழுக்கிறதுக்குச் செஞ்சது. பந்து மேல 600, 900, 1200னு எழுதியிருக்கும், ஒரு செகண்டுக்கு எத்தனை மில்லி காத்து உள்ள போகுதுங்கற கணக்கு அது. முப்பது வருஷமா நாயனம் பிடிச்ச உதடும் வயிறும் உங்களுக்கு இருக்கு. ஊதுறதுல உங்களுக்குக் குறை வரவே இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. குறை இழுக்கிறதுல. கடுமையான வைரஸ் நிமோனியாவுக்கு அப்புறம் நுரையீரல் விறைச்சுப் போகும், துவைச்சுக் காயவெச்ச புது காடாத் துணி மாதிரி. வெளிய விடுறது சுலபம், விரியறதுதான் கஷ்டம். அதனாலதான் பலூன் வேண்டாம்னு சொல்றேன். ஆவிக்கும் காத்தறைக்கும் சம்பந்தமே இல்ல, தொடை வெந்து வந்தவங்களைத்தான் நான் பார்த்திருக்கேன்.

வளருமான்னு கேட்டீங்க. நுரையீரல்ல 30 கோடிக்கு மேல காத்தறைகள். ஒவ்வொண்ணோட சுவர்லயும் மெல்லிசா விரிஞ்சு கிடக்கிற செல்தான் காத்தை ரத்தத்துக்கு விடுது. வைரஸ் அடிக்கிறப்ப அது நிறைய சாகுது. பக்கத்துலயே உருண்டையா இன்னொரு வகை செல் இருக்கு, காத்தறை ஒட்டிக்காம இருக்க வழவழப்பு சுரக்கிறது அதோட வேலை. செல் செத்த இடத்துக்கு இது பெருகி, தட்டையா விரிஞ்சு, சுவரை மூடும். நடவு வயல்ல செத்த நாத்துக்குப் பக்கத்துக் குத்திலேர்ந்து பிரிச்சு நட்டு நிரப்புவீங்கல்ல, அந்த மாதிரி. இது மாசக்கணக்குல நடக்கிற வேலை. சில இடத்துல தழும்பும் விழும். யாருக்கு எவ்வளவு விழும்னு பத்தாவது வாரத்துல சொல்ல முடியாது, உங்க டாக்டர் பொறுங்கன்னது அதுக்குத்தான்.

ஆனா பொறுக்கிறதுன்னா சும்மா உக்காந்திருக்கிறது இல்ல. 12 வாரத்துல எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க. அப்பவே டிஎல்சிஓன்னு ஒரு பரிசோதனை கேளுங்க. கார்பன் மோனாக்சைடு துளி கலந்த காத்தை ஒரு மூச்சு இழுத்து 10 செகண்ட் பிடிக்கணும், அதுல எவ்வளவு ரத்தத்துக்குப் போச்சுன்னு கணக்கெடுப்பாங்க. வெறும் ஊதுற டெஸ்ட் மட்டும் எடுத்தா உங்க விஷயத்துல ஏமாந்துடுவாங்க, நீங்க ஊதித் தள்ளிடுவீங்க!

இன்னொண்ணு. டிஸ்சார்ஜ் சம்மரியில நுரையீரல் உறைக்குள்ள காத்துக் கசிஞ்சதுன்னு ஏதாவது எழுதியிருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டுங்க. நாகஸ்வரம் வாசிக்கிறப்ப நெஞ்சுக்குள்ள ஏறுற அழுத்தம் சாதாரணமில்ல. கசிவு இருந்திருந்தா அவர் சரின்னு சொல்ற வரைக்கும் குழலைத் தொடாதீங்க. மேல் பஞ்சமத்துல கண்ணு இருட்டினதையும் மறைக்காம சொல்லுங்க.

-----

கியர்மாத்தி:

அண்ணே, மதுரை. பஸ் டிரைவர். 2021 மே மாசம் கொரோனா டெல்டா அலையில 19 நாள் படுத்தவன், ஸ்கேன்ல நுரையீரல் பாதிப்புக்குப் போடுற சிடி ஸ்கோர் 25-க்கு 18.

நானும் மூச்சு மூச்சுன்னே கவலப்பட்டுக் கிடந்தேன். நாலாம் மாசம் டிப்போவுக்குப் போயி வண்டில ஏறி உக்காந்தா, மூச்சு பரவால்ல, கிளட்ச்ச மிதிக்க முடியல! இடது காலு கடகடன்னு ஆடுது. எனக்குப் போனது நெஞ்சு மட்டுமில்ல, தொடையும்தான்னு அன்னிக்குத்தான் வெளங்குச்சு. அப்பறம் தெனம் காலையில வைகை ஆத்துப் பாலத்துல நடை, சாயந்தரம் நாற்காலில கை ஊணாம உக்காந்து எந்திரிக்கிறது, ரெண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல். ஏழாம் மாசம் வண்டி எடுத்தேன்.

முழுசா சரியாச்சான்னு கேட்டா, பொய் சொல்ல மாட்டேன். ஒரு வருசம் கழிச்சு எடுத்த சிடியிலயும் அடியில கோடு கோடா இருந்துச்சு. பழமுதிர்சோலைக்கு நடந்து ஏறினா நடுவுல ரெண்டு தடவ நிக்கிறேன். முன்ன நிக்க மாட்டேன்.

-----

மூச்சுப்பயிற்சி:

டிரைவர் அண்ணா சொன்னதுதான் அசல் விஷயம். கனடாவுல டொரன்டோவில மார்கரெட் ஹெரிட்ஜ் குழுவினர், நுரையீரல் செயலிழந்து ஐசியூவுல பிழைச்ச 109 பேரை 5 வருஷம் பின்தொடர்ந்து 2011-ல எழுதினாங்க. மூச்சு அளவெல்லாம் ஏறக்குறைய சாதாரணத்துக்கு வந்திருந்தது. ஆனா 6 நிமிஷ நடையில, எதிர்பார்க்கிற தூரத்துல 76 சதவீதம்தான் நடந்தாங்க. அஞ்சு வருஷத்துக்கு அப்புறமும்!

நாயனக்காரர் அண்ணா, நீங்க நின்னு வாசிக்கிற ஆள். மாப்பிள்ளை அழைப்புன்னா நடந்துகிட்டே வாசிக்கணும். அதனால காலைத் தேத்துங்க. வீட்ல ஒரு சோதனை: நாற்காலியில கை ஊணாம ஒரு நிமிஷம் உக்காந்து எழுந்திருங்க, பக்கத்துல ஆள் இருக்கணும். முன்னயும் பின்னயும் விரல்ல பாத்து எழுதி வைங்க. 3 புள்ளியோ மேலயோ இறங்கினா டாக்டர்கிட்ட காட்டுங்க. பயிற்சியில எப்பவாவது 90-க்குக் கீழ போனா அன்னிக்கு அதோட நிறுத்திடுங்க. கை சில்லுனு இருந்தாலும் நகத்துல மருதாணி இருந்தாலும் மெஷின் தப்புக் காட்டலாம்.

-----

ஒத்துக்காரர்மகன்:

அண்ணை, நான் யாழ்ப்பாணம், அளவெட்டிப் பக்கம். சுருதிப்பெட்டி வாறதுக்கு முந்தி என்ர அப்பா ஒத்து ஊதினவர், நாயனத்துக்குச் சுருதி பிடிக்கிற குழல் அது. கன்னத்துக்க காத்தை வைச்சுக்கொண்டு மூக்கால இழுக்கிற வித்தை, மணித்தியாலக் கணக்கா அறாமல் போகும்.

அவருக்கும் ஒருக்கா நியூமோனியா வந்தது. எழும்பின பிறகு குழலைத் தொடவே இல்லை. குழல்ர வாயில வைக்கிற நாணல் துண்டு, அந்தச் சீவாளியை மட்டும் வாயில நனைச்சு வைச்சு, சத்தம் வருதோ எண்டு மட்டும் பாப்பார். பிறகு சீவாளி பொருத்துற சின்ன உலோகக் குழாய், அந்தக் கெண்டையில செருகி ஒரு ஸட்ஜமம். பிறகுதான் குழல். ஒரு நாளைக்குப் பத்து நிமிசத்துக்கு மேல அம்மா விடமாட்டா. பஞ்சமத்தில கண் இருட்டினா அது உங்கட பிழை இல்லை, அவசரம்.

-----

நாயனக்காரன்:

பங்குனி பாதி ஆயிடுச்சு, சொல்லாம இருக்கக் கூடாதுன்னு எழுதறேன்.

டப்பாவை நேரா வெச்சுட்டேன். ரெண்டு பந்து நிக்குது, மூணாவது எட்டிப் பாக்குது. சம்மரியில கசிவு ஒண்ணும் இல்லன்னார் டாக்டர். டிஎல்சிஓ எழுதிக் கொடுங்கன்னதும் நிமிர்ந்து பாத்தார், யார் சொன்னதுன்னு கேட்டார், எழுதிக் கொடுத்தார். இருக்க வேண்டியதுல 61 சதவீதம் வந்துது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி எடுக்கணுமாம். எக்ஸ்ரேல வலது பக்கம் அடியில இன்னும் புகை மூட்டம் கொஞ்சம் இருக்கு.

நாற்காலி சோதனையில முதல் நாள் ஒரு நிமிஷத்துக்கு 11, 95-லேர்ந்து 90-க்கு இறங்கிச்சு. இப்ப 20, 96-லேர்ந்து 94. டிரைவர் தம்பி, சுண்டல் எங்க வீட்ல எல்லாருக்கும் வெறுத்துப் போச்சு.

சீவாளியோட ரெண்டு வாரம் இருந்தேன். பேரப்புள்ள பக்கத்துல வந்து உக்காந்து, "தாத்தா, வாத்து கத்துது"ங்கறான். போன வாரம் குழல்ல பத்து நிமிஷம், உக்காந்துகிட்டே மோகனம். மேல் ஸட்ஜமத்தோட நிறுத்திக்கிட்டேன், பஞ்சமம் பக்கம் போகல.

வைகாசி அட்வான்ஸ்ல ரெண்டைத் திருப்பிக் கொடுத்துட்டேன். மூணாவது வீட்ல பணத்தைத் திருப்பித் தர வேணாம்னுட்டாங்க, மச்சான் வாசிக்கட்டும், நீங்க பக்கத்துல உக்காந்தா போதும்னாங்க. ஊஞ்சலுக்கு மட்டும் நான். மாப்பிள்ளை அழைப்பு அவன்தான் நடக்கணும்.